அப்பாவின் உயரத்தில் ஒரு வாசல்

ரம்பம் வேப்பமரத்துக்குள் இறங்கும்போது ஒரு கசப்பு வாசனை கிளம்பும். எந்த மரக்கடையைத் தாண்டினாலும் அது என் கையைப் பிடித்து மரக்காணத்துக்கு இழுத்துப்போய்விடும். உடனே எனக்கு எட்டு வயது.

கூரையைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கூனிமேட்டிலிருந்து வந்த ஆசாரி டேப்பை நம்பாதவர். வாசல் நிலைக்கு வீட்டு ஆம்பளையின் உடம்புதான் அவருக்கு அளவு. உச்சந்தலைக்கு மேல் நாலு விரல், அங்கே கோடு. அப்பா குதிகாலைக் கொஞ்சம் தூக்கித்தான் நின்றார். ஆசாரி பார்த்தும் பார்க்காததுபோல் சவுக்குக் கழியில் கரிக்கோடு போட்டு, மரத்தில் ரம்பத்தை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து உப்பளத்திலிருந்து அம்மா வந்தாள். முழங்கால்வரை உப்புப் பூத்திருந்தது.

"நிறுத்துங்கண்ணே."

கழியைச் சுவரில் சாத்தி, அதில் முதுகை ஒட்டி நின்றாள். கரிக்கோடு அவள் நெற்றி நடுவில் இருந்தது.

எனக்குப் பயமாகிவிட்டது. காலையில் போன அம்மா வேறு, வந்து நிற்கிற அம்மா வேறு. அப்பா பக்கத்தில் தோளைக் குறுக்கி, கழுத்தை இழுத்து, அவர் அளவுக்குத் தன்னை மடித்துக்கொள்கிறவள்தான் எனக்குத் தெரிந்த அம்மா. கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான். உப்பள வரப்பில் கூடை சுமந்து தூரத்தில் வரும் பெண்களில் அவள் யாரென்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. தலையில் பாரம் இருந்தால் நிமிர்ந்துதான் ஆகவேண்டும். அங்கே எல்லோரையும்விட நெட்டையாக ஒருத்தி நடப்பாள். யாரோ என்று விட்டுவிடுவேன்.

"இன்னாடி, ஆனையா வரப்போவுது வாசல்ல?" என்றார் அப்பா.

"நான் வரப்போறேன்."

"கடல்காத்து இருக்குதும்மா," என்றார் ஆசாரி. "நிலை ஒசந்தா கூரையும் ஒசரும், காத்து புடிக்கும்."

"ஒசரட்டும். என் தலைக்கு மேல நாலு விரல் வையுங்க."

"ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கிறவன் குனிஞ்சு வரட்டும்."

அம்மா கழியை விட்டு நகரவில்லை. கலவை காய்ந்துகொண்டிருந்தது. காற்று அவள் முந்தானையைப் பிடுங்கிப் பார்த்தது. ஆசாரி அப்பாவைப் பார்த்தார்; அப்பா கடல் இருக்கும் பக்கம் பார்த்தார். கடைசியில் அப்பா இரண்டு செங்கல்லை இழுத்துப்போட்டு, அதன்மேல் ஏறி, அவள் உச்சந்தலையில் தன் நாலு விரலை வைத்து, அவரே கோடு கிழித்தார்.

செங்கல்மேல் நின்ற அப்பாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தேன். எங்கம்மா ஒரே பகலில் வளர்ந்துவிட்டாள் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். அவ்வளவு உயரத்தையும் அத்தனை நாள் அவள் எங்கே வைத்திருந்தாள் என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆசாரி சைக்கிளைத் திருப்பினவர் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"நிலைய நட்டுட்டா மாத்த முடியாதும்மா. இன்னொருவாட்டி யோசிச்சுக்க."

"பத்து வருசமா யோசிச்சிட்டேண்ணே. காலைல சீக்கிரம் வாங்க."