சார் இல்லைங்க

எங்கள் விடுதி அறையில் அவளுக்கு முயல் என்று பெயர் வைத்தது நான்தான். யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் போதும், தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பேச வாயைத் திறந்தால் குரல் நடுங்கும். அழுகிறாளோ என்று பதறிப் பார்த்தால் கண் காய்ந்துதான் இருக்கும். "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்று கேட்கும்போதும் அதே குரல்தான்.

அவளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கல்லூரியிலேயே பகுதி நேரம் வேலை பார்க்கிற மாணவர்களுக்கு விடுதியும் சாப்பாடும் இலவசம். வேலை கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பள்ளி முடிந்ததும் ஒரு வருடம் அம்மாவோடு தையல் ஆலையில் சட்டைக்குக் காஜா எடுத்தவள் அவள். "திரும்ப அந்த மெஷின் முன்னாடி உட்கார வச்சுடுவாங்கடி" என்று அவள் சொல்லும்போது மட்டும் எனக்குக் கேலி செய்யத் தோன்றாது.

நூலகத்தில் கேட்டாள், ஆள் எடுத்தாகிவிட்டது. ஆய்வகத்தில் கேட்டாள். அவள் கையிலிருந்த காகிதம் படபடத்ததைப் பார்த்தே, கண்ணாடிச் சாமான்களுக்குப் பொறுப்பான அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். மிஞ்சியது அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிக்காதடி, இதுவும் போனா மெஷின்தான்" என்றாள்.

அங்கே தலைமை எழுத்தரைக் கல்லூரியே பாறாங்கல் என்றுதான் சொல்லும். தனிக்கட்டை மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. இவளுக்கு முன்னால் இருந்த பெண் போனில் அரட்டை அடித்தாள் என்று அன்றைக்கே அனுப்பியவர். முதல் நாளே முயலிடம் சொல்லிவிட்டார்: "கேட்டதுக்குப் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துதுன்னா, மறுநாள் நீ வரவேண்டாம்." அந்தக் கட்டளையைச் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே முதுகு நிமிர்ந்துவிடும்.

ஒருநாள் பாறாங்கல்லுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, செல்லை அணைத்து வைத்துவிட்டு, பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அப்போதுதான் அலுவலகப் போன் அடித்தது.

"நான் அவன் அக்கா பேசறேன். செல் அடிக்கவே மாட்டேங்குது. தம்பி இருக்கானாம்மா?"

"சார் இல்லைங்க."

"ஏம்மா, அழறியா? எப்போம்மா?"

"காலையிலதாங்க."

"நல்லாத்தானே இருந்தான்!"

"நேத்துலேர்ந்தே வலி தாங்க முடியலைங்க அவருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனாருங்க."

"ஐயோ, என் தம்பி!" என்று ஓர் அலறல். போன் எங்கேயோ விழுந்த சத்தம், அவ்வளவுதான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை கூடவில்லை. ஆனால் நம் பேச்சில் ஆபீசில் இல்லாதவரும் இல்லைதான், உலகத்தில் இல்லாதவரும் இல்லைதான். அது அவளுக்கு உறைத்தபோது போன் கையிலேயே இருந்தது. திரும்பக் கூப்பிட நம்பர் தெரியாது, அந்தப் பழைய போன் அதையெல்லாம் காட்டாது. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம், அதுவும் பாறாங்கல்லை! தையல் மெஷின் காதுக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டது என்று என்னிடம் சொன்னாள்.

வாய் நிறையப் பஞ்சோடு அவர் திரும்பி வந்தார். மேஜை அருகே போய் "சார்" என்றாள். பேசாதே என்று கையைக் காட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அழுதபடியே ஓர் அம்மாள் இறங்கினார். சத்தம் கேட்டு வெளியே வந்தார் தம்பி, கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு. அந்த அம்மாள் அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்து தோளில் நாலு சாத்து சாத்தினார். "உயிரோடதான் இருக்கியாடா, பாவி!"

முயல் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"இங்க போன் எடுத்த பொண்ணு எங்கடா? உனக்காக எப்படி அழுதா தெரியுமா? அந்த அழுகையைக் கேட்டுத்தாண்டா நான் நம்பினேன்."

வேறு வழியில்லாமல் முயல் வெளியே வந்தாள். அலுவலகமே அவளைப் பார்த்தது. பாறாங்கல் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஏம்மா, அழுதியா?"

இல்லை சார், என் குரலே அப்படித்தான் என்பதுதான் உண்மை. அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று கேட்க ஆசைப்படுகிற அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதுவரை பார்த்ததில்லையாம். "ஆமா சார்" என்றாள்.

அவர் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் முழுக்கக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். "அதான் திட்டலையே, அப்புறமென்ன?" என்றேன்.

"தினமும் என் குரலைக் கேட்கிறவருடி. அவருக்குத் தெரியாதா? பொய் சொன்னேன்னு நாளைக்கு அனுப்பிடுவாரு." இப்போது நிஜமாகவே அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவளுடைய பெட்டி பாதி கட்டியே இருந்தது.

மறுநாள் போனதும் உள்ளே கூப்பிட்டாராம்.

"இனிமே நான் வெளியே போனா, வெளியே போயிருக்கார்னு சொல்லு. இல்லைன்னு சொல்லாதே."

"சரி சார்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் நடுநடுங்கித்தான் வந்தன.

அவர் தலையைத் தூக்கி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்ததாம். "போம்மா, போன் அடிக்குது பாரு" என்றார்.