வியாழக்கிழமைக்கு வைத்திருந்த பெட்ரோல்

நாட்டில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த வருஷம், மாமாவின் பழைய காரை இறக்கங்களில் எஞ்சினை அணைத்தே ஓட்டினோம். ஓட்டியது நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது ஒன்றுதான் உருப்படியாக வந்தது. மாமாவுக்குக் கண்ணில் புரை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இறக்கம் வந்தால் "ஓஃப் பண்ணு" என்பார், ஏற்றம் வந்தால் "ஸ்டார்ட் பண்ணு" என்பார். பன்வில தோட்டத்திலிருந்து கண்டி போய்ச் சேரும்வரை வேறு பேச்சே கிடையாது. சாவியைத் திருப்பித் திருப்பி என் விரலும் தேய்ந்தது, சாவியும் தேய்ந்தது.

பின் சீட்டில் அத்தை இருப்பார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்களும் வியாழனும் கண்டி ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். முன்பு ஒருமுறை அது தவறிப்போய், முகமும் காலும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு போகிற நாளில் விடியும் முன்பே தலை சீவி, பையோடு காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அதற்கு அப்புறம்தான் நாங்கள் முகமே கழுவுவோம்.

"கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு வெள்ளனா கெளம்பியிருக்க மாட்டீங்க அத்தை."

"ஒங்க மாமனக் கட்டுறதுக்கு எதுக்குடா அவசரம்?"

அந்தத் திங்கட்கிழமை அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பெட்ரோல் செட்டுக்கு வந்தோம். ஒரு வாகனத்துக்கு வாரத்தில் ஒரு தடவைதான் அடிப்பார்கள். அன்று கிடைப்பதில்தான் வீட்டுக்கும் போக வேண்டும், வியாழக்கிழமையும் வர வேண்டும். வரிசை வளைவுக்கு அப்பால் வரை நின்றது. எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் சாவியைத் திருப்பினேன். அசையவில்லை. அழுத்தித் திருப்பினேன், இழுத்துத் திருப்பினேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள் ஏற்கெனவே சிவப்புக்குக் கீழே.

பின்னால் நின்ற திரீவீலர்காரர் இறங்கி வந்தார். அக்குறணைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன மகன், ஊட்டுல கெணறு தோண்டி பெட்ரோல் எடுக்கிறீங்களா? சும்மா ஓட உட்டிரிக்கீங்க?"

"நிப்பாட்ட முடியல நானா. சாவி மாட்டிக்கிச்சு."

"ஸ்டேரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக்கிட்டே திருப்பிப் பாருங்க."

ஆட்டினேன். கார்தான் தலையாட்டியது, சாவி மசியவில்லை. மாமா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று டூல்ஸ் பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, "நகருடா" என்று என்னைத் தள்ளிவிட்டுச் சாவியைப் பிடித்து முறுக்கினார். பாதி அவர் கையோடு வந்தது. மீதிப் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை.

"சரி, பிரேக்க நல்லா மிதிச்சிக்கங்க. கியர்ல போட்டு கிளச்ச டக்குன்னு உடுங்க" என்றார் நானா.

கார் ஒரு குதி குதித்து அடங்கியது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஸ்டேரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பாருங்க மாமா, கோவம் வந்தா ஒங்க கண்ணு மாதிரியே செவந்துபோயி நிக்குது."

நானா சிரித்தார். மாமாவும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மதியம் தாண்டும்வரை தள்ளினோம். சிவப்பு லைட் மங்கிக்கொண்டே போனது. வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

பெட்ரோல் கிடைத்தது. ஆனால் கார் உயிர் பெறவில்லை. முன்னாலிருந்தவன், பின்னாலிருந்தவன் எல்லோரும் சேர்ந்து தள்ளியும் ஒரு இருமல்கூட இல்லை. நானா பொனட்டைத் திறந்து பார்த்தார்.

"அல்லாவே! எஞ்சின் நிண்டிரிக்கி, சாவி ஓன்லயே இரிந்திரிக்கி. பெட்டரி செத்துட்டுது."

எதிரே பெட்டரி சார்ஜ் செய்யும் கடை ஒன்று இருந்தது. அங்கே கரண்ட் வெட்டு. அந்த நேரம் பார்த்து யாருடைய போனிலிருந்தோ அத்தை கூப்பிட்டார். "முடிஞ்சிருச்சு, வாசல்ல நிக்கிறேன். எங்க இருக்கீங்க?" மெஷினிலிருந்து இறங்கினால் அவரால் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியாது. அவர் ஏறி உட்காருகிற மாதிரி பஸ் எதுவும் அப்போது ஓடவில்லை.

"நான் கொண்டுபோய் உடுறன்" என்றார் நானா. "ஆனா எனக்கு அடிச்சது இந்தக் கிழமை முழுக்க ஓடி ஊட்டுப் பாட்டப் பாக்கவே காணாது. பன்வில ஏத்தம்..."

மாமா எங்கள் டாங்கியில் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, துப்பிவிட்டு, மறுமுனையைத் திரீவீலருக்குள் விட்டார்.

"மாமா, அப்ப வியாழக்கெழம?"

"மொதல்ல திங்கக்கெழம முடியட்டும்டா."

அத்தையை ஏற்றிக்கொண்டு வீடு சேர்க்க மாமாவும் நானாவும் போனார்கள். நான் காருக்குள்ளேயே படுத்துவிட்டு, மறுநாள் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணச் சாவி இல்லாததால் ஆட்களைப் பிடித்துத் தள்ளவைத்து மலை ஏறினேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழ் வளைவில் மிச்ச பெட்ரோலும் தீர்ந்தது. அணைக்க முடியாத கார் தானாக நின்றது. வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம்.

புதன்கிழமை முழுக்க மாமா போத்தலோடு வீடு வீடாக அலைந்தார். யாரிடமும் இல்லை. தோட்டத்து லொறியே டீசல் இல்லாமல் நின்றது. அத்தையிடம் எதையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடியும் முன்பு எட்டிப் பார்த்தால், அத்தை காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில், மடியில் பையோடு.

"நீ போய் சொல்லுடா" என்றார் மாமா. "ஒன் வாய்க்குத்தான் அவ சிரிப்பா."

போய் ஸ்டேரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன். துவாரத்துக்குள் உடைந்த சாவியின் முனை தெரிந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். வீங்கிய கால் அதற்குள் போகவில்லை.

"என்னடா, இன்னைக்கு வாயில கொழுக்கட்டையா?"

ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். விரல் உடைந்த சாவி முனையைத்தான் தடவியது. கண்ணாடியில் அவர் என்னையே பார்த்தார். பிறகு பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"சரி, கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருப்போம். ஒங்க மாமா உள்ளுக்குள்ள அழுது முடிக்கட்டும்."