புகையைப் புதைக்கிறவரின் மனைவி

தையல்காரிக்குச் சந்தேகம் பிறவிக் குணம் அல்ல. முன்பு வேலை பார்த்த ஆலை மூடியதைச் சொல்லாமல், கணவர் மாதக்கணக்கில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அது தெரிந்த அன்று ஒட்டிக்கொண்ட குணம். அதன்பின் அவர் வீடு திரும்பினால் அவள் பார்வை முகத்துக்குப் போகாது, உடுப்புக்குத்தான் போகும்.

அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்தபின் சட்டையில் நிலக்கரித் தூள் தவறாமல் வந்தது. அவளும் மெல்ல ஆறினாள். சென்ற மாதம் தூள் நின்று, அழுகிய மீன் வாடை வரத் தொடங்கியது.

"என்னங்க இது?"

"புது யூனிட்டுக்கு மாத்திட்டாங்க. புகையிலேர்ந்து கரியமில வாயுவைத் தனியாப் பிரிக்கிறோம்."

"பிரிச்சு?"

"குழாய்ல அனுப்பி, பூமிக்கு அடியில பாறைக்குள்ள அடைச்சிடுவாங்க."

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போன தடவை பூங்கா, இந்தத் தடவை பாதாளமா? பொய்யாவது பொருந்தச் சொல்லக்கூடாதா?"

"சத்தியமாத்தான் சொல்றேன்! வாயுவைப் பிடிக்க ஒரு திரவம் இருக்கு. வாடை அதோடது."

"மீன் மார்க்கெட்ல கூடை தூக்குறேன்னு சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். மறைக்காதீங்க."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

மறுநாள் மதியம், பாதி தைத்த சீருடையை அப்படியே போட்டுவிட்டு நிலையத்து வாசலில் போய் நின்றாள். கணவரின் பேரையும் புது யூனிட்டையும் சொன்னதும் காவலாளி சிரித்தார். "யாரு, மீன் அண்ணனா? அந்த யூனிட்ல எல்லாருக்குமே அந்தப் பேருதாம்மா. இருங்க, கூப்பிடுறேன்."

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் ஹெல்மெட்டோடு வந்த கணவர், அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி விழித்தார்.

"நிஜத்தைத்தானே சொல்லியிருக்கீங்க? அப்புறம் ஏன் இந்த முழி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது சோதனைக்குப் போட்ட யூனிட். உற்பத்தியாகிற கரண்ட்ல பெரிய பங்கை இதுவே தின்னுடுது. கட்டுப்படியாகலைன்னா மூடிடுவாங்களாம்."

"மூடினா பழைய இடம்?"

"அங்க வேற ஆளைப் போட்டாச்சு."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மாத்தின அன்னைக்கே."

அவள் அவருடைய சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "மூடினா அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன்."

பதில் இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. காவலாளி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க போன் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க."