நானூறும் கிட்டத்தட்ட நானூறும்

1986 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. காலையில் இறங்கிய பனிமூட்டம் பிற்பகலாகியும் இங்கிலாந்தின் இல்கெஸ்டன் நகரத் தெருக்களை விட்டு அகலவில்லை.

பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் மின்பணி பார்த்து ஓய்வு பெற்ற கிளிஃபர்ட் ஹாலம், கொல்லைக் கொட்டகையில் தம் கையாலேயே ஒரு தொலைக்காட்சி செய்து வைத்திருந்தார். முப்பத்திரண்டு துளைகளுள்ள தட்டு சுழலும். அதன் பின்னால் நியான் விளக்கு மினுங்கும். தீப்பெட்டி அளவில் ஆரஞ்சு நிறப் படம் தெரியும். அத்தகைய படத்தைச் சாதாரண ஒலிநாடாவிலேயே பதியலாம். அவருடைய மனைவி ஈனிட் இறப்பதற்கு முந்தைய மாதம் பதிந்த நாடா ஒன்று இருந்தது. அவளுடைய அசையும் முகம் வேறெதிலும் இல்லை. அந்த நாடாவும் உதிரத் தொடங்கி, ஓட்டும்போதெல்லாம் பழுப்புத் தூளாகக் கொட்டியது. இன்னும் ஒரு முறை தாங்கினாலே அதிகம்.

படம் நிலைத்து நிற்க நொடிக்குச் சரியாக நானூறு துடிப்புகள் வேண்டும். சென்ற வாரம் நண்பர் டெஸ்மண்ட் டன்னிக்ளிஃப் வாங்கிவந்தது, மின்சாரம் பாய்ந்தால் சீராகத் துடிக்கும் கைக்கடிகாரக் குவார்ட்ஸ் படிகம். அதன் துடிப்பு நொடிக்கு 32,768. எண்பத்திரண்டால் வகுத்து ஓட்டினார்கள். ஈனிடின் முகம் மேலே மேலே நழுவியது; தாடைக்குக் கீழே நெற்றி முளைத்தது.

“கிட்டத்தட்ட நானூறு வந்துச்சேய்யா,” என்றார் டெஸ்மண்ட், இன்று புதிய படிகத்தை நீட்டியபடி.

“நானும் கிட்டத்தட்ட என் பொண்டாட்டியப் பாத்தேன். நான் கேட்டது முப்பத்திரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரத்து எண்ணூறு.”

“அதே எண்தானே. ரெண்டு சைபர் விட்டுப்போச்சு.”

“அந்த ரெண்டு சைபர்லதான்யா அவ தலையே நிக்குது. போய் டீ போடு.”

டெஸ்மண்ட் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். புதிய படிகத்தில் கேட்ட எண்ணே இருந்தது; பதின்மூன்று முறை பாதியாக்கினால் அது பிசிறில்லாமல் நானூறாகும். கிளிஃபர்ட் படிகத்தைப் பற்றவைத்து, தட்டைச் சுழலவிட்டு, நாடாவை ஓட்டினார்.

முகம் நின்றது. இம்மியும் நழுவவில்லை. ஈனிட் இமைத்தாள், அன்று படம்பிடித்தபோது பார்த்ததைப் போலவே வலப்பக்கம் பார்த்தாள். பிறகு நாடா அறுந்தது. நாடாச் சக்கரங்கள் ஓய்ந்தன. இனி வெறும் ஆரஞ்சு ஒளிதான் தெரிய வேண்டும்.

ஈனிட் மறுபடியும் இமைத்தாள். வலப்பக்கமிருந்து பார்வையைத் திருப்பி, மெதுவாக, நேராக அவரைப் பார்த்தாள்.

இரண்டு கோப்பைகளுடன் வாசலில் வந்து நின்ற டெஸ்மண்டுக்கு, கிளிஃபர்டின் தோளுக்கு மேலாக அந்த முகம் தெரிந்தது.

“அட, படம் நழுவாம நின்னுடுச்சே. டேப் இன்னும் ஓடுதாய்யா?”

கிளிஃபர்ட் திரும்பவில்லை.

“இல்ல.”