கால்வாய் இல்லாத தெருவுக்கு வரி

எங்கள் தெருவுக்கு ரோடு போட்ட கான்ட்ராக்டர்கள் நல்லா இருக்கவே மாட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதுசைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வாசலின் மூன்று படிகளும் புதைந்துபோய், வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்து நேராகத் தறிக்குழியில் விழும். குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற தறி எங்களுடையது. நானும் மனைவியும் மாறி மாறி உட்காருவோம்.

அந்த வருஷம் மூன்றாவது முறையாகக் குழி நிரம்பியது. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. மிதிபலகைகள் ஊறிப்போய் மிதந்தன.

"இன்னொரு வாட்டி தண்ணி வந்துச்சுன்னா தறிய பிரிச்சிடலாம். நான் வந்தவாசிக்கே போறேன்," என்றாள் மனைவி. அவள் அம்மா வீடு அங்கேதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வரி ரசீதை எடுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். வீட்டு வரியோடு வடிகாலுக்கும் வருஷம் தவறாமல் வாங்குகிறார்கள்.

"வடிகாலுக்கு வரி வாங்கறீங்களே, எங்க தெருவுல கால்வா எங்கங்க? கண்ணுல காட்டுங்க," என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிளார்க் உள்ளே போய் ஒரு பழைய ஃபைலோடு வந்தார். தூசியைத் தட்டி, ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கையெழுத்து என்னுடையது.

தொண்ணூறுகளில், எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். அப்போது ஆரணிப் பட்டுக்கு நெடுக்கு இழையான பாவு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்போம். ரெண்டு பக்கமும் கால்வாய் தோண்டப் போகிறோம் என்று ஓவர்சியர் வந்தபோது தெருவே சண்டைக்குப் போனது. கால்வாய் வந்தால் பாவு கட்ட இடம் எங்கே? வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். எழுதத் தெரிந்த திமிரில் நான்தான் முழ நீளத்துக்கு எழுதினேன். 'எக்காலத்திலும் தேவையில்லை' என்றுகூட எழுதியிருந்தேன். தெருவே கையெழுத்துப் போட்டது. இப்போது பாவு மிஷினில் தயாராகி வருகிறது. பாவு கட்டிய இடத்தில் பைக் நிற்கிறது.

"கால்வாதாங்க வேணாம்னோம். வரியுமா வேணும்னோம்?" என்றேன். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"அத எழுதலியே நீங்க. போய் புதுசா ஒரு மனு எழுதி, தெருவுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிகினு வாங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

வீட்டில் அவள் குழிக்குள் முட்டளவு தண்ணீரில் நின்று குண்டானால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துலயே கால்வா வேணாம்னு தெருக்காரங்க எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

"எந்த மடையன் எழுதனதாம்?"

"யாரோ," என்று சொல்லிவிட்டு இன்னொரு குண்டானை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். புது மனுவை அவளைத்தான் எழுதச் சொன்னேன்.