தீய்ந்த சீஸ்

சேவூர் ரேணுகாதேவியின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. நாடா பட்டது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் குறுக்கே ஓடும் அந்தக் கட்டைக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். கல்யாணமான நான்காம் மாதம் ரசத்தில் உப்புக் கூடிப்போனது. தறியில் உட்கார்ந்தபடியே புருஷன் முத்துவேல் நாடாவை எறிந்தான். குறி தப்பவில்லை.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் 2007இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது எதிர்வீட்டில் இதையெல்லாம் கேட்டேன். சொன்னவள் ரேணுகாவேதான், மக்ரோனியை வேகவைத்துக்கொண்டே.

மக்ரோனி அவளுக்குப் பெங்களூரில் பழக்கம். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அங்கே ஒரு சைவ வீட்டில் சமையல் வேலை செய்தாள். ஓவன் கெட்டுப்போன ஒரு நாள் குக்கரில் கல்லுப்பைக் கொட்டி, ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அதற்குள்ளேயே தட்டை வைத்துச் சுட்டிருக்கிறாள். நன்றாகவே வந்திருக்கிறது.

2004 புரட்டாசியில் மகள் சுகன்யாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். வீட்டில் அந்த மாதம் கறி கிடையாது. கேக்கில் முட்டை இருக்கும், அதுவும் ஆகாது.

"பெங்களூர்ல செய்வேன்னு சொல்வியேம்மா, சுட்ட சேமியா. அது செஞ்சி குடு" என்றாள் சுகன்யா. மக்ரோனி அவளுக்குச் சேமியாதான்.

அதற்கு முந்தைய வாரம்தான் முத்துவேல் ரேணுகாவின் தலைமுடியைப் பிடித்துத் தறிக்குழிவரை இழுத்துப்போய், முகத்தை மண்ணில் தேய்த்திருந்தான். சேவூர் பஸ்ஸில் யாரோடோ சிரித்துப் பேசினாளாம். பேசியது அவனுடைய சொந்த அக்கா பாஞ்சாலையோடு. உதடு கிழிந்த ரேணுகா எழுந்து நின்று முதல்முறையாகப் பதில் சொன்னாள்.

"இன்னொரு தபா கை வெச்சீங்கன்னா, பாவக் கொளுத்திடுவேன்."

தறியில் அப்போது அரக்கு நிறக் கல்யாணப் பட்டுப்புடவையின் பாவு, நீளவாக்கில் கட்டிய இழைகள், நீண்டு கிடந்தது. முத்துவேல் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

பிறந்தநாளன்று மக்ரோனியைப் பார்த்தும் சிரித்தான்.

"இன்னாடி, தார்க்குச்சிய வெட்டி வேக வெச்சிகினு கீற?"

ஊடை நூல் சுற்றும் குச்சியைச் சொன்னான். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

"இத்த நெய்ய முடியாது, துன்னலாம்" என்றாள் அவள்.

முதல் தட்டில் தக்காளியும் குடைமிளகாயும். சுட்டு எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டாவது வெள்ளை. வெண்ணெயில் மைதாவை வாசனை வர வறுத்து, பாலை ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, கேரட்டும் பட்டாணியும் மக்ரோனியும் சேர்த்தாள். மேலே சீஸைத் துருவி, ரஸ்க்கைப் பொடித்துத் தூவிக் குக்கரில் இறக்கினாள். தட்டை விளிம்புவரை நிரப்பியதுதான் தவறு. சீஸ் பொங்கி வழிந்து, காய்ந்திருந்த உப்பில் விழுந்து கருகியது.

பட்டு அசலா என்று பார்க்க நெசவாளி ஒரு இழையைக் கொளுத்தி மோந்து பார்ப்பான். முடி தீய்ந்த நாற்றம் வந்தால் அசல். முத்துவேல் சின்ன வயதிலிருந்து மோந்த நாற்றம் அது. கருகிய சீஸிலும் ஏறக்குறைய அதே நாற்றம்தான்.

தறிச் சத்தம் நின்றது. அவன் பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரும்போதே கையில் நாடா இருந்தது.

"கொளுத்திட்டியாடி?"

முதல் அடி அவள் காதில் விழுந்தது. இரண்டாவது தோளில். "சீஸுங்க, பால்கட்டிங்க" என்று அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். சுகன்யா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளை உதறிவிட்டு, அடுப்பிலிருந்த குக்கரின் கைப்பிடியைப் பற்றி ரேணுகாவின் மேல் வீசினான். மூடி பறந்தது. சூடேறிய உப்பில் கொஞ்சம் அவள் முழங்கையில் தெறித்தது. மீதி முழுவதும் அவனுடைய வெறுங்காலிலேயே கொட்டியது.

அவன் கதறிக்கொண்டே விழுந்தான். ரேணுகா ஒரு குடம் தண்ணீரை எடுத்து அவன் காலில் ஊற்றினாள். பிறகு தறிக்குப் போனாள். பாவிலிருந்து ஓர் இழையை அறுத்து, தீப்பெட்டியோடு வந்து அவன் பக்கத்தில் குந்தினாள். இழையைக் கொளுத்தி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"மோந்து பாருங்க. இது பட்டு." கருகிய சீஸ் ஒட்டியிருந்த உப்புக்கல்லை எடுத்துக் காட்டினாள். "இது பாலு. வித்தியாசம் தெர்தா?"

இன்னொரு குச்சியைக் கிழித்துக்கொண்டு தறிப் பக்கம் நடந்தாள். அவனால் எழ முடியவில்லை.

"வாணாம் ரேணு. வாணாம்மா" என்றான். பத்து வருடத்தில் அவளை அவன் கெஞ்சியது அன்றுதான்.

குச்சி விரலைச் சுடும்வரை வைத்திருந்து, ஊதி அணைத்தாள்.

"அடுத்த தபா நாத்தம் வந்தா, அது பாலா இருக்காது."

ஆட்டோவுக்கு ஆளனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்த தக்காளித் தட்டை இறக்கினாள். சுகன்யாவும் அவளும் தின்றார்கள்.

அவனால் இரண்டு மாதம் தறியின் மிதியில் கால் வைக்க முடியவில்லை. அந்தக் கல்யாணப் புடவையை ரேணுகாதான் நெய்து முடித்தாள். அதன் பிறகு அவன் கை ஓங்கவில்லை. திருந்திவிட்டான் என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பாத்திரத்தைச் சுவரில் எறிவான், வாசலில் நின்று அசிங்கமாகத் திட்டுவான்.

ரேணுகா இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்தபோது அன்றைய தட்டு குக்கருக்குள் இருந்தது. இந்த முறை விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிரப்பியிருந்தாள். வழிய வாய்ப்பில்லை. ரேணுகா மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை சீஸை எடுத்து வேண்டுமென்றே உப்பில் போட்டாள்.

நாற்றம் எழுந்து முன்கட்டுக்குப் போனது. தறிச் சத்தம் நின்றது.

அங்கிருந்து முத்துவேலின் மெல்லிய குரல் வந்தது.

"ரேணு, சீஸ்தானே?"

அவள் இன்னொரு சிட்டிகை சீஸை எடுத்து உப்பில் போட்டாள்.