எட்டுப் புள்ளிகள்

போன கோடையில், பத்தாவது முடித்த என் பேத்திக்குப் பள்ளியில் கம்ப்யூட்டரில் திறனறித் தேர்வு வைத்தார்கள். அவள் கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டாள். சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் என் மகனோ அவளை டாக்டராக்கிவிடத் துடித்தான். வடிவங்களை மனத்திலேயே காணும் திறன் அவளுக்கு மிக அதிகம் என்று முடிவு வந்தது.

“கம்ப்யூட்டர் சொன்னா ஆச்சா? பயாலஜி குரூப்தான்” என்றான் மகன்.

எனக்கும் அந்த முடிவில் சந்தேகம்தான்; எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புவேன். குவார்ட்டர்ஸ் படிக்கட்டைக்கூட எண்ணிக்கொண்டே ஏறுகிறவன் நான். அந்தத் தேர்வில் வந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னேன். அவள் ஒரு தாளை மூன்று முறை குறுக்கும் மறுக்குமாக மடித்து, ஓரிடத்தில் பென்சிலால் குறித்துக் காட்டினாள்.

“இந்த இடத்துல ஒரு ஓட்டை போட்டுப் பிரிச்சா, எத்தனை ஓட்டை தாத்தா?”

“எட்டு.”

“சரி. எங்கெங்க இருக்கும்?”

நான் மடிப்புகளை எண்ணத் தொடங்கினேன். அதற்குள் அவள் மடிக்காத இன்னொரு தாளில் மளமளவென்று எட்டுப் புள்ளிகள் வைத்தாள். மடித்த தாளில் அவள் குறித்த இடத்தில் மகன் ஓட்டை போட்டு, பிரித்து, அதன்மேல் வைத்தான். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு புள்ளி எட்டிப்பார்த்தது. இந்தச் சின்னத் தலைக்குள் எப்படித்தான் ஒரு தாள் மடிந்து விரிகிறது! குனிந்து அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாரு, தாத்தா எண்ணவே மறந்துட்டாரு” என்று சிரித்த மகன், தாளை மறுபடி பார்த்தான். “சரிம்மா, கணக்கு குரூப்பே எடுத்துக்கோ.”